மாடு இல்லாத மாட்டுப் படம்

நேயர்களுக்கு வணக்கம். ஓவியத்தைப் பற்றி ரேடியோவில் பேச வாருங்கள் என்று கூப்பிட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. காட்ட முடியாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு படத்தைப் பற்றி என்ன பேச? மாட்டுப் படம் என்றாலாவது பரவாயில்லை, வெள்ளை மாடு, கொம்பு இப்படி வளைந்திருக்கிறது, பின்னால் வைக்கோல் போர் என்று சொன்னால் நீங்களே மனதுக்குள் கட்டிக்கொள்வீர்கள். நான் பேச வந்திருப்பதோ மாடே இல்லாத படங்களைப் பற்றி. அரூப ஓவியம். அதுவும் பெரிய ஆட்கள் போட்டது இல்லை. கும்பகோணத்துக்கு ஓவியம் படிக்க வருகிற இரண்டாம் வருடப் பிள்ளைகள், முதல் தடவையாக, பாதி பயத்திலும் பாதி என் மேல் இருந்த கோபத்திலும் போட்டவை.

நான் அவர்களுக்குக் கோட்டோவியம் சொல்லிக்கொடுக்கிறேன். மொத்தம் 18 பேர். முதல் வருடம் முழுக்க சொம்பு, துணி மடிப்பு, கழற்றிப் போட்ட செருப்பு, மகாமகக் குளத்து மண்டபம், பஸ் ஸ்டாண்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறவர் என்று வரைந்து வரைந்து கை நன்றாகப் படிந்துவிட்டது. படிந்த கையைக் கலைக்கலாம் என்றுதான் இந்த வேலையைக் கொடுத்தேன். ஆறு வாரம். கறுப்பு மட்டும்தான், பென்சில், கரி, இந்தியன் இங்க் எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கடைசியில் அரை இம்பீரியல் தாளில், அதாவது 15க்கு 22 அங்குலத்தில், ஒரே ஒரு படம். அதில் விரலை வைத்து இது இன்னது என்று பெயர் சொல்லும்படி எதுவும் இருக்கக் கூடாது. கூடவே ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும்: எங்கே ஆரம்பித்தாய், எங்கே மாட்டிக்கொண்டாய், எப்போது நிறுத்தினாய். அந்தப் பக்கங்களை வைத்துக்கொண்டுதான் இன்று பேசுகிறேன். சில பேர் விஷயத்தில் படத்தைவிடப் பக்கம் நன்றாக இருந்தது, யார் என்று இங்கே சொல்லப் போவதில்லை.

முதல் வாரம் வந்தவற்றை நினைத்தால் இப்போதும் தலையைச் சொறியத் தோன்றுகிறது. பெரிய ஒற்றைக் கண். சதுரங்கக் கட்டம், அது ஒரு பக்கம் காற்றில் பறக்கிறது. சுழல். பாதி புத்தர், மீதிப் பாதி கட்டங்களாக உடைந்து போகிறது. எல்லாமே ஏதாவது லாட்ஜ் வரவேற்பறையில் நீங்கள் பார்த்தவைதான். நான் திட்டவில்லை, திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. நான் படித்த காலத்தில் காம்பஸை வைத்து ஏழெட்டு வட்டம் போட்டு, ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிற இடத்தையெல்லாம் கறுப்பாக்கி, பெருமையாகக் கொண்டுபோய் நீட்டினேன். ஆசிரியர் ஒரு கோட்டைத் தொட்டு "இது ஏன் இங்க வந்துச்சு?" என்று கேட்டார். "மாடர்ன் ஆர்ட் சார்" என்றேன். "கோட்டைக் கேட்டா கம்பெனி பேரைச் சொல்றியே" என்று சொல்லிவிட்டு அடுத்தவனிடம் போய்விட்டார். அன்றைக்கு அவமானமாக இருந்தது. இப்போது அதே கேள்வியைத்தான் நானும் இந்த 18 பேரிடம் கேட்டுக்கொண்டு திரிகிறேன்.

இரண்டாம் வாரம் மோண்ட்ரியனின் மரங்களைக் காட்டினேன். நெதர்லாந்து ஓவியர். 1908 வாக்கில் ஆரம்பித்த சிவப்பு மரம், 1911இல் போட்ட சாம்பல் மரம், 1912இல் போட்ட பூத்த ஆப்பிள் மரம், மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து. முதலாவதில் நிறம்தான் நெருப்பாக இருக்கிறது, மரம் மரமாகத்தான் நிற்கிறது. இரண்டாவதில் எது கிளை, எது கிளைக்கு நடுவில் தெரிகிற வானம் என்று கொஞ்சம் தடுமாறுகிறோம். மூன்றாவதில் வில் மாதிரி வளைந்த கோடுகளும் அவற்றின் இடைவெளியும்தான் மிச்சம். பின்னால் ஒருவன் "மரம் எங்க சார் போச்சு?" என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் பக்கத்தில் இருந்த பெண் "கோட்டுக்குள்ள போயிருச்சுடா" என்றாள். அதற்கு மேல் நான் பாடம் நடத்த என்ன இருக்கிறது?

இதற்கு நம்மிடம் ஏற்கனவே ஒரு வார்த்தை இருக்கிறது. எதற்கெடுத்தாலும் கோயிலைக் கொண்டுவந்து ஒட்டுவது எனக்குப் பிடிக்காது, இருந்தாலும் இந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சைவத்தில் உருவம், அருவம், அருவுருவம் என்று மூன்று நிலை சொல்வார்கள். கொள்ளிடத்தைத் தாண்டிப் போனால் சிதம்பரத்தில் மூன்றும் ஒரே கூரையின் கீழ். ஆடுகிற நடராஜர் உருவம், ஸ்படிக லிங்கம் அருவுருவம், திரையை விலக்கினால் தங்க வில்வ மாலை மட்டும் தொங்குகிற வெறும் வெளி அருவம். ஓவியம் படிக்கிறவனுக்கு இந்த நடுவில் இருக்கிற வார்த்தை ரொம்ப உபயோகம். பிள்ளைகளில் பெரும்பாலோர் அருவத்துக்கு நேராகத் தாவிக் குதிக்கப் பார்த்துத்தான் விழுந்தார்கள். அருவுருவத்தில் கொஞ்ச நாள் உட்காருங்கள் என்றேன். தினமும் தொடுகிற ஒரு பொருளை எடுத்து, முதலில் அதை உள்ளபடியே 20 தடவை வரையுங்கள், அப்புறம் ஒவ்வொன்றாகக் கழியுங்கள்.

திருபுவனத்துப் பெண் ஒருத்தி. வீட்டில் பட்டுத் தறி. கட்டம் போட்ட தாளில் டிசைன் போட்டு, அதைப் பார்த்து ஜக்கார்டு அட்டையில் துளை அடிப்பார்கள். துளை இருந்தால் பாவு நூல், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல், தூக்கும், இல்லாவிட்டால் சும்மா கிடக்கும். அவள் மாங்காயையும் அன்னத்தையும் விட்டுவிட்டு அந்தத் துளைகளை மட்டும் எடுத்துக்கொண்டாள். தாள் முழுக்கப் புள்ளி இருக்கிற இடம், புள்ளி இல்லாத இடம், அவ்வளவுதான். "அட்டையைப் பார்த்தா அப்பாவுக்குப் புடவை தெரியும், எனக்கு ஓட்டை மட்டும்தான் தெரிஞ்சுது, சின்ன வயசுல அது எனக்கு வருத்தமா இருந்துச்சு" என்று எழுதியிருந்தாள். அந்த வருத்தத்தை அவள் படமாகப் போட்டுவிட்டாள் என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். ஆனால் தாளின் வலது கீழ் மூலையில் துளைகளே இல்லாமல் ஒரு உள்ளங்கை அகலம் விட்டிருந்தாள் பாருங்கள், அந்த இடம் நன்றாக இருந்தது.

கோலம் போட்டவர்களும் உண்டு, மூன்று பேர். கோலம் அரூபம்தானே சார் என்று வாதாடினார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. சிக்குக் கோலத்துக்குப் புள்ளிக் கணக்கு உண்டு, இழை ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேர வேண்டும், எப்போது முடிந்தது என்று போடுகிறவளுக்குச் சந்தேகமே வராது. அதை முடித்துவைத்தது உங்கள் பாட்டி, நீங்கள் நகல் எடுக்கிறீர்கள் என்றேன். கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது.

வேதாரண்யத்துப் பெண்ணைப் பற்றிக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16, கஜா புயல் கரையேறிய விடிகாலை, அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயதோ என்னவோ. வீட்டுத் தென்னந்தோப்பு மொத்தமும் சாய்ந்தது. முதலில் போட்ட படங்களில் பிய்ந்த கூரை, தலையில் கை வைத்த கிழவர், எல்லாம் பத்திரிகைப் படம் மாதிரி இருந்தன, பார்த்தால் பாவமாக இருக்கும், அதோடு சரி. நாலாவது வாரம் கூரை போனது, கிழவர் போனார், கடைசியில் கரியால் இழுத்த நீளக் கோடுகள் மட்டும், எல்லாம் ஒரே திசையில் படுத்தபடி, ஒன்றன் மேல் ஒன்று. நான் பெரிய மேதை மாதிரி, ஒரு ஓரத்தில் ஒரு கோட்டை மட்டும் நிமிர்த்தி நிறுத்து, பார்க்கிறவன் கண் போய் நிற்க ஒரு இடம் வேண்டும் என்றேன். காம்போசிஷன் பாடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுப்போம். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "ஒண்ணுகூட நிக்கல சார்" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் படத்துக்கு நான் எதுவும் சொல்லவில்லை.

இதுவரை நான் சொன்னதை வைத்துப் பார்த்தால், ஊரிலிருந்து ஒரு பொருளை எடுத்துக் கழித்துக்கொண்டே வந்தால் நல்ல அரூபம் கிடைக்கும் என்று ஒரு சூத்திரம் மாதிரி இருக்கிறதா? நானும் அப்படித்தான் நினைத்துச் சந்தோஷமாக இருந்தேன். அதைக் கெடுத்தவன் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கடைமடைப் பையன். "எனக்கு எதுவுமே தோணல சார்" என்று மூன்று வாரம் வெறும் தாளோடு உட்கார்ந்திருந்தான். நாலாவது வாரம் மேலே ஓரத்தில், ஸ்கேல் இல்லாமல், இடமிருந்து வலமாக ஒரு மெல்லிய கோடு இழுத்தான். அதற்குக் கீழே நூலிழை இடம் விட்டு இன்னொன்று. முதல் கோட்டில் ஒரு இடத்தில் கை லேசாக நடுங்கியிருந்தது, இரண்டாவது அதை ஒட்டியே போக வேண்டுமில்லையா, அதனால் அங்கே இன்னும் கொஞ்சம் மேடானது, மூன்றாவது இன்னும் கொஞ்சம். இருநூறு முந்நூறு கோடு தாண்டிக் கீழே வரும்போது அந்தச் சின்ன நடுக்கம் ஒரு மலை அளவுக்கு எழுந்து நின்றது. பரோடாவில் ஆசிரியராக இருந்த நஸ்ரீன் முகமதி, 1937இல் பிறந்து 1990இல் இறந்தவர், கட்டட வரைபடக்காரர்கள் வைத்திருக்கிற கருவிகளையும் பேனாவையும் வைத்து வெறும் கோடுகளாலேயே எவ்வளவோ செய்திருக்கிறார், அவர் படங்களை அவனுக்குக் காட்டினேன். அவன் அதைப் பார்த்துவிட்டு, இவங்க ஸ்கேல் வச்சிருக்காங்க, எனக்கு அது வேண்டாம் என்று சொன்னான். சரி.

பார்க்கிறவர்கள் எல்லாரும் அந்தப் படத்தில் காவிரியைப் பார்த்தார்கள். சிலர் நாற்றங்காலில் காற்று அடிப்பதைப் பார்த்தார்கள், ஒரு அம்மா புடவைக் கொசுவம் என்றார். அவனுக்கு அதில் பயங்கரக் கோபம். "நான் கோடு மட்டும்தான் போட்டேன், ஆறு எல்லாம் அவங்களா போட்டுக்கிறாங்க" என்று எழுதியிருக்கிறான். டெல்டாக்காரன் நெளிநெளியாகக் கோடு போட்டுவிட்டு ஆறு என்று சொல்லாதே என்றால் யார் கேட்பார்கள்!

எப்போது நிறுத்தினாய் என்ற கேள்விக்கு வந்த பதில்கள்தான் எனக்கு ரொம்பப் பிடித்தவை. "இங்க் தீர்ந்துடுச்சு." "அம்மா லைட்டை அணைச்சுட்டாங்க." "ரப்பர் போட்டுப் போட்டுத் தாள் தேஞ்சுடுச்சு." ஒருவன், "நான் நிறுத்தல சார், நீங்கதான் பிடுங்கிட்டீங்க." விளையாட்டாக எழுதவில்லை, எல்லாமே உண்மை. சொம்பு வரைந்தால் எப்போது முடிந்தது என்று சொம்பே சொல்லிவிடும். ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல், வாய் விளிம்பு, கீழே விழுகிற நிழல், முடிந்தது. எதிரே பொருள் இல்லாதபோது கேட்க ஆள் கிடையாது. தப்பா சரியா என்று திரும்பிப் பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லை, தாள்தான் இருக்கிறது, போட்ட முந்தைய கோடு இருக்கிறது, நீ இருக்கிறாய். 19 வயதில் அது சின்ன விஷயமா என்ன? இரண்டு பேர் இந்த இடத்தில் அழுதிருக்கிறார்கள், எனக்கு இந்தப் பக்கங்களைப் படித்த பிறகுதான் தெரியும்.

கடைசி நாள் படங்களையெல்லாம் வகுப்புச் சுவரில் கிளிப் போட்டு மாட்டி, வீட்டாரை வரச் சொன்னோம். எதிர்பார்த்த கேள்விதான் முதலில் வந்தது, ஒழுங்கா வரையத் தெரியாதவங்கதானே சார் இப்படிப் போடுவாங்க? நான் ஓவியர் ஆதிமூலத்தைச் சொன்னேன். துறையூர்ப் பக்கம் கீராம்பூரில் 1938இல் பிறந்தவர். காந்தி நூற்றாண்டு சமயத்தில் அவர் பேனாவால் போட்ட காந்தி கோட்டோவியங்களைப் பார்த்தவர்கள் யாரும் அவருக்கு வரையத் தெரியாது என்று சொல்லமாட்டார்கள். அதே மனிதர்தான் பிற்பாடு ஆளையும் முகத்தையும் விட்டுவிட்டு வண்ணம் மட்டுமே இருக்கிற பெரிய பெரிய கித்தான்களுக்குப் போனார். கேட்டவர் தலையாட்டினார். ஒப்புக்கொண்டாரா, காபி வந்ததால் விட்டாரா, தெரியவில்லை.

சுவாமிமலைப் பையன் ஒருவனை இதுவரை சொல்லாமல் வைத்திருந்தேன். ஸ்தபதி வீடு. ஆறு வாரத்தில் அதிகம் திணறியது அவன்தான், ஏனென்றால் பென்சிலை எடுத்தாலே கை தானாகப் புருவம் போட்டுவிடும், மூக்கு இறக்கிவிடும், அழிக்க அழிக்க அம்மன் வந்து நிற்பாள். அங்கே சிலைக்கு அளவு வைக்கத் தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்குக் கீற்றாக நறுக்கி, பங்கு பங்காக மடிப்பார்கள். உத்தம தசதாலம் என்று சிலைக்கு ஒரு அளவு முறை, அதில் மொத்த உயரம் 124 அங்குலம். டேப்பில் இருக்கிற அங்குலம் இல்லை, சிலையின் உயரத்தையே 124 பங்காக்கினால் வருகிற அங்குலம். பையன் கடைசியில் சிலையை விட்டுவிட்டு ஓலையைப் பிடித்துக்கொண்டான். தாளின் நடுவில் மேலிருந்து கீழாக மடிப்புகள் மட்டும், ஒவ்வொரு மடிப்பிலும் இரண்டு பக்கமும் ஒரு கிடைக்கோடு, சில இடத்தில் அழுத்தி, சில இடத்தில் இருக்கிறதா இல்லையா என்பது போல. முகம் இல்லை, கை இல்லை, ஒன்றும் இல்லை. மற்ற பெற்றோர்கள் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள், ஏணி என்று யாரோ சொன்னார்கள்.

அவன் அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் அதன் முன்னால் நின்றார். அப்புறம் கிட்டே போய், தாளில் படாமல் ஒற்றை விரலை மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டே வந்தார், உதடு அசைந்தது, எண்ணுகிறார். பாதியில் விரல் நின்றது.

"மாருக்கும் நாபிக்கும் நடுவுல ஒரு பங்கு உதைக்குதேடா" என்றார்.

"தெரியும்ப்பா, வேணும்னுதான் விட்டேன்" என்றான் பையன்.

அவர் திரும்பவும் மேலிருந்து எண்ண ஆரம்பித்தார்.