உளைவு வேறு, நோ வேறு

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் சிறுமியாக இருந்த காலத்தில், நல்லூர்த் தேர் பார்த்துவிட்டு நடந்து வீடு திரும்பும் இரவுகளில் "அம்மா, கால் உளையுது" என்று சிணுங்குவேன். அம்மா நல்லெண்ணெயைக் கொஞ்சம் சூடாக்கிக் கெண்டைக்காலில் தடவி நீவிவிட்டு, "படு, விடியச் சரியாயிடும்" என்பார். அதே நான் "கால் நோகுது" என்று சொன்னால் அவருடைய முகம் மாறிவிடும். அரிக்கன் லாம்பைத் தூக்கிக்கொண்டு வருவார். எங்கே நோகுது, தொட்டுக் காட்டு, விழுந்தனியா, முள்ளுக் குத்தினதா என்று கேட்டுக்கேட்டுப் பார்ப்பார். உளைவு என்றால் எண்ணெய், நோ என்றால் லாம்பு. இருபது வருடமாக இயன்மருத்துவராக, அதாவது பிசியோதெரபிஸ்ற்றாக வேலை செய்கிறேன். இந்த வேறுபாட்டை முதலில் படித்தது அம்மாவிடம்தான்.

நீண்ட தூரம் சைக்கிள் ஓடப் போகிறவர்களுக்கு இன்றைக்கு இதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். உடம்பில் வருவது உளைவா, நோவா, பிடிப்பா, விறைப்பா என்று பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, செய்ய வேண்டியதும் வேறு.

சைக்கிள் எங்களுக்குப் புதிதில்லை. தொண்ணூறுகளில் பெற்றோலும் கரண்டும் இல்லாத யாழ்ப்பாணத்தில் விறகு, நெல், நோயாளி, எல்லாமே சைக்கிளில்தான் போயின. படகேறுவதற்காகக் கிளாலிக் கரைவரை மூட்டை கட்டி உழக்கியவர்கள் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது கொட்டிலில் கிடந்த சைக்கிள்கள் திரும்பவும் தெருவுக்கு வந்தன. இப்போது இளம் பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து மன்னார், திருகோணமலை என்று போகிறார்கள். எனக்கு அது மிகவும் சந்தோஷம். ஆனால் போய் வந்த கிழமையே முழங்காலைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள், அதுதான் கவலை.

என் முதல் நெடும்பயணமும் திருகோணமலைக்குத்தான். அண்ணாவும் நானும் இரண்டு சிநேகிதிகளும், மூன்று நாள் திட்டம். ஆடி மாதம். சோளகம் வீசும் காலத்தில் ஏ9 வீதியில் தெற்கு நோக்கிப் போவது என்றால் காற்று முகத்துக்கு நேரே நிற்கும். விடிய நாலரைக்குப் புறப்பட்டிருந்தால் பாதித் தூரத்தைக் காற்று எழும்ப முன்னரே கடந்திருக்கலாம். நாங்கள் ஏழு மணிக்குப் புறப்பட்டோம். புதுப் பயண உற்சாகத்தில் சாவகச்சேரி, கொடிகாமம் எல்லாம் பறந்தது போலக் கடந்தோம். ஐம்பது கிலோமீற்றர் அளவில் ஆனையிறவு வந்தது. அங்கே மரமில்லை, மதிலில்லை, இரண்டு பக்கமும் வெளி. காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. நானும் விடாமல் அழுத்தி உழக்கினேன்.

அப்போதுதான் வலக் கெண்டைக்கால் குறண்டிப் பிடித்தது. சதை கல்லுப் போல உருண்டு ஒரு பக்கமாக ஏறியதைக் கண்ணால் பார்த்தேன். சைக்கிளைச் சரித்துவிட்டு வீதியோரத்தில் விழுந்தேன். படித்தது ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. வலை கட்டிய சைக்கிளில் எதிரே வந்த ஒரு பெரியவர் இறங்கி வந்து, "பிள்ளை, காலை நீட்டு, நீட்டு" என்றார். குதிக்காலை ஒரு கையில் தாங்கி, மற்றக் கையால் பாதத்தின் முன்பக்கத்தை என் முகத்தை நோக்கி மெல்ல மெல்லத் தள்ளினார். வெடுக்கென்று இழுக்கவில்லை. தள்ளி, அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். அரை நிமிடம் இருக்கும், உருண்ட சதை இளகத் தொடங்கியது. "எவடம் பிள்ளை?" என்று அதற்குப் பிறகுதான் கேட்டார்.

அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. களைத்துப்போன தசைக்குச் "சுருங்கு" என்று போகும் நரம்புக் கட்டளை கூடிவிடுகிறது, "போதும், விடு" என்ற கட்டளை குறைந்துவிடுகிறது. தசையை நீட்டிப் பிடிக்கும்போது, அதை எலும்போடு இணைக்கும் நாணில் இழுவை ஏறி, அந்த "விடு" என்ற கட்டளை மீண்டும் போகிறது. பிடிப்பு வந்தால் ஆட்கள் உடனே உப்பைத்தான் தேடுவார்கள். வியர்வையோடு உப்புப் போவது உண்மை, அதை ஈடு செய்யவும் வேண்டும். ஆனால் அன்றைக்கு என் காலைப் பிடித்தது முக்கியமாகக் களைப்பு. பழகாத வேகம், பழகாத அழுத்தம். 2010இல் வெளிவந்த ஒரு ஆய்வில், பிடிப்பு வந்தவர்களுக்குப் புளித்த ஊறுகாய்த் தண்ணி கொடுத்தபோது, அதிலுள்ள உப்பு இரத்தத்தில் சேர நேரமாக முன்னரே பிடிப்பு விட்டதைக் கண்டார்கள். தொண்டையில் படும் புளிப்பு நரம்பு வழியாக வேலை செய்கிறது என்பது அவர்களுடைய கருத்து. நான் இப்போது சின்னப் போத்தலில் தேசிக்காய் ஊறுகாய்த் தண்ணி கொண்டு போகிறேன். என்றாலும் முதல் மருந்து, நீட்டிப் பிடிப்பதுதான்.

பிடிப்பு வராமல் பார்க்க வேண்டுமானால் முதல் ஒரு மணித்தியாலம் பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் கதைத்துக்கொண்டு போகும் வேகத்திலேயே போங்கள். கியர் உள்ள சைக்கிள் என்றால் இலகுவான கியரில் கூடிய சுற்று. பதினைந்து விநாடிக்கு வலது முழங்கால் எத்தனை தரம் மேலே வருகிறது என்று எண்ணுங்கள். இருபது தரம் வந்தால் நிமிடத்துக்கு 80 சுற்று, அது நல்ல அளவு. கியர் இல்லாத சைக்கிள் என்றால் எதிர்காற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம். வேகத்தைக் குறையுங்கள், தேவைப்பட்டால் இறங்கி ஐந்து நிமிடம் உருட்டுங்கள்.

சரி, அடுத்தது உளைவு. மாங்குளத்தில் தங்கிவிட்டு மறுநாள் எழும்பியபோது அண்ணாவின் இரண்டு தொடையும் உளைந்தன. "லக்ரிக் அசிட் தேங்கிப் போச்சு" என்றார். பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். ஆனால் அது சரியில்லை. உழக்கும்போது தசையில் சேரும் அந்த லக்ரிக் அசிட், அதாவது லக்ரேற், ஓய்வெடுத்து ஒரு மணித்தியால அளவில் வெளியேறிவிடும், அடுத்த நாள் வரை அங்கே கிடக்காது. மறுநாள் உளைவு, தசை நார்களில் ஏற்படும் மிக நுண்ணிய சிதைவாலும் அதை உடம்பு திருத்தும் வேலையாலும் வருவது. இருபத்துநாலு மணித்தியாலத்துக்கும் எழுபத்திரண்டு மணித்தியாலத்துக்கும் இடையில் அது உச்சத்துக்கு வரும், பிறகு தானாகவே போகும். சிவனொளிபாதமலை ஏறியவர்களைக் கேட்டுப் பாருங்கள். மூச்சு வாங்கியது ஏறும்போது, ஆனால் இரண்டு நாளைக்குப் படி இறங்க முடியாமல் செய்தது மலையிலிருந்து இறங்கியதுதான். பாரம் தாங்கிக்கொண்டே தசை நீளும்போதுதான் அந்தச் சிதைவு கூட. சைக்கிளில் அப்படி நீளும் வேலை குறைவு. அதனால் பழகிய ஒருவர் அடுத்தடுத்த நாள்களும் ஓட முடிகிறது.

இரண்டு தொடையும் ஒரே அளவாக, பரவலாக, அழுத்தினால் கூடுகிற மாதிரி உளைந்தால் பயப்பட ஒன்றுமில்லை. படுத்துக் கிடக்காமல் முதல் அரை மணித்தியாலம் மிக மெதுவாக ஓடுங்கள். இரத்த ஓட்டம் கூடக் கூட உளைவு தணியும். இரவில் எண்ணெய் தடவி இதயத்தை நோக்கி மெதுவாக நீவிவிடுவதும் உதவும். அம்மா சும்மா செய்யவில்லை.

இனி நோ. இங்கேதான் லாம்பு வேண்டும். ஒரே இடத்தில், விரலால் தொட்டுக் காட்டக்கூடிய மாதிரி, ஓட ஓடக் கூடிக்கொண்டு போனால் அது நோ. இரண்டாம் நாள் வவுனியாவைத் தாண்டி ஹொரவப்பொத்தானைக்குப் போகும் வழியில் என் வலது முழங்கால் சில்லுக்கு முன்பக்கம் நோகத் தொடங்கியது. கொஞ்சத் தூரம் பொறுத்தேன், கூடியது. ஒரு மருதமர நிழலில் நிறுத்திப் பார்த்தால், சீற் இரண்டு விரல் அளவு இறங்கியிருக்கிறது. புறப்பட முதல்நாள் சைக்கிளைக் கழற்றிக் கழுவிப் பூட்டிய கடையில் சீற்றைப் பழைய அளவில் வைக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை.

சீற் பதிந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கும், முழங்கால் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் ஏறும். ஒரு மணித்தியாலத்தில் ஒரு கால் நாலாயிரத்துக்கு மேற்பட்ட தரம் மடங்கி நிமிர்கிறது என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் ஊரில் பலர் இரண்டு காலும் நிலத்தில் ஊன்ற வேண்டும் என்று சீற்றைப் பதித்தே வைத்திருக்கிறார்கள். சந்தைக்குப் போய்வர அது பரவாயில்லை, நூறு கிலோமீற்றருக்கு அது முழங்காலைத் தின்னும்.

அளவு பார்ப்பது இலகு. சுவரைப் பிடித்துக்கொண்டு சீற்றில் நேராக உட்காருங்கள். ஒரு பெடலை ஆகக் கீழே கொண்டுவந்து, குதிக்காலை அதில் வையுங்கள். கால் முழுவதும் நிமிர்ந்திருக்க வேண்டும், ஆனால் அதை எட்ட இடுப்புச் சரியக் கூடாது. பிறகு பாதத்தின் முன்பக்கத்தைப் பெடலில் வைத்தால் முழங்கால் சற்று மடங்கி நிற்கும். அதுதான் உங்கள் அளவு. முழங்காலுக்கு முன்னால் நொந்தால் அநேகமாகச் சீற் பதிவு, பின்னால் நொந்தால் அநேகமாகச் சீற் உயரம். மாற்றும்போது ஒரே தரத்தில் நிறைய மாற்ற வேண்டாம், அரைச் சென்ரிமீற்றர் மாற்றி ஓடிப் பாருங்கள். சரியான அளவு கிடைத்ததும் சீற் கம்பியில் பெயின்ற் கோடு ஒன்று போட்டுவையுங்கள். நான் சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன்.

விறைப்பு, அதாவது மரத்துப்போவது பற்றியும் ஒரு வார்த்தை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் விறைத்தால், உள்ளங்கை ஓரத்தால் போகும் நரம்பு ஹாண்டிலில் நசிபடுகிறது என்று அர்த்தம். பத்து நிமிடத்துக்கு ஒருதரம் பிடியை மாற்றுங்கள், முழங்கையை இறுக்காமல் சற்று மடக்கி வையுங்கள். சீற்றின் மூக்கு கீழ்நோக்கிச் சரிந்திருந்தாலும் பாரம் கைக்குத்தான் வரும். பல நாள் விறைத்த விரலைக் கவனிக்காமல் விட்டுக் கைப்பிடி பலம் குறைந்து வந்தவர்களுக்கு வைத்தியம் செய்திருக்கிறேன், ஆற மாதக் கணக்காகும். சீற்றில் உட்காரும் இடத்து நோவைச் சொல்லப் பலர் வெட்கப்படுகிறார்கள். கால்மணிக்கு ஒருதரம் பெடலில் எழும்பி நில்லுங்கள், தையல் உறுத்தாத காய்ந்த உடுப்புப் போடுங்கள், மெத்துமெத்தென்ற தடித்த சீற் நல்லது என்று ஏமாறாதீர்கள்.

சாப்பாட்டை நோவோடு சேர்த்தே யோசிக்க வேண்டும், ஏனென்றால் வெறுந்தசை விரைவில் களைக்கும். மணித்தியாலத்துக்கு ஒருதரம் ஒரு வாழைப்பழம், இல்லாவிட்டால் ஒரு துண்டுப் பனங்கட்டி. முறிகண்டியில் எப்படியும் நிற்பீர்கள், பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு ஒரு பை கச்சான் வாங்குங்கள். உப்பும் புரதமும் அதில் இருக்கிறது. ஜீவனி என்கிற உப்புச் சர்க்கரைத் தூள் பைக்கற்றை ஒரு லீற்றர் தண்ணியில்தான் கரைக்க வேண்டும், அரை லீற்றரில் கரைத்துக் கட்டியாகக் குடிப்பது கூடாது. இரவில் சோறு, பருப்பு, முட்டை அல்லது மீன் என்று வயிறு நிறையச் சாப்பிட்டு எட்டு மணித்தியாலம் நித்திரை கொள்ளுங்கள். தசை திருந்துவது அந்த நேரத்தில்தான்.

மாத்திரை விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்லுவேன். டைக்ளோபினாக், இபுபுரூபன் போன்றவற்றைப் போட்டுக்கொண்டு வெயிலில் உழக்காதீர்கள். உடம்பில் தண்ணி குறைந்திருக்கும் நேரம் அவை சிறுநீரகத்தைத் தாக்கும். அதோடு, நிறுத்து என்று சொல்லுகிற நோவின் வாயையும் அடைத்துவிடும்.

சில அறிகுறிகள் வந்தால் பயணத்தை அங்கேயே விடுங்கள். சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போனால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சுட்டால், நெஞ்சு இறுகினால், 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். இன்னொன்று, 2024 மார்கழியில் எங்கள் குடாநாட்டில் எலிக்காய்ச்சல் பரவியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் காய்ச்சலில் கெண்டைக்கால் கடுமையாக நோகும். மழை வெள்ளத்தில் கால் வைத்து ஓடிய பிறகு காய்ச்சலோடு கால் நொந்தால், "சைக்கிள் ஓடின அலுப்பு" என்று சொல்லிக்கொண்டு படுத்திராதீர்கள். அன்றே வைத்தியரிடம் போங்கள்.

சீற்றை உயர்த்திய பிறகு மெதுவாக ஓடி, மூன்றாம் நாள் பின்னேரம் திருகோணமலை போய்ச் சேர்ந்தோம். அடுத்த நாள் காலை அண்ணா எழும்ப மறுத்தார். படி இறங்கக்கூட முடியவில்லை என்றார். கன்னியாவுக்கு மெதுவாகப் போய் வருவோம், அழுத்த வேண்டாம், கால் சுற்றினால் போதும் என்று கூட்டிக்கொண்டு போனேன். வெந்நீர்க் கிணறுகள் ஏழும் ஒவ்வொரு சூடு. ஒவ்வொன்றிலும் வாளியால் அள்ளித் தொடையில் ஊற்றிக்கொண்டு வெகு நேரம் நின்றார். வெந்நீர் சுகமாக இருந்தது, ஆனால் அவரை இளக்கியது போகும்போது சுற்றிய அந்த எட்டுக் கிலோமீற்றர்தான் என்று நான் சொன்னேன், அவர் ஒப்புக்கொள்ளவில்லை. திரும்பி வரும்போது அவர்தான் முன்னுக்குப் போனார்.

நன்றி, வணக்கம்.