லவுடனில் சூப்பர்வைசர் கையில் என்ன இருக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்தின் லவுடன் கவுண்டியில் (மாநிலத்துக்குக் கீழே உள்ள உள்ளாட்சிப் பகுதி) தேர்தல் நெருங்கினால் வாசல் கதவில் நோட்டீஸ்கள் தொங்க ஆரம்பித்துவிடும். யார் நின்றாலும் டிராஃபிக், பள்ளி, வரி. ஆஷ்பர்ன் பக்கம் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்கள் கேட்பதும் அதைத்தான். ஆனால் இதில் எதையெல்லாம் ஒரு சூப்பர்வைசரால், அதாவது கவுண்டியை நடத்தும் போர்டின் உறுப்பினரால், செய்ய முடியும்?

சாலையைப் பாருங்கள். வர்ஜீனியாவில் ஓரிரண்டு கவுண்டிகள் தவிர மற்ற கவுண்டிகளில் சாலைப் பராமரிப்பு பெரும்பாலும் மாநிலப் போக்குவரத்துத் துறையின் வேலை. புதுச் சாலைக்குக் கவுண்டி பணம் ஒதுக்கலாம், கட்டவும் செய்யலாம். பள்ளிக்குத் தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம் இருக்கிறது. அதற்கு வரி போடும் அதிகாரம் கிடையாது; சூப்பர்வைசர்களும் மாநிலமும் கொடுக்கும் பணத்தை வைத்துத்தான் பெரும்பாலும் ஓட்ட வேண்டும். மாநிலச் சட்டசபை கொடுக்காத அதிகாரம் எதுவும் கவுண்டிக்கு இல்லை என்பது இங்கே நீதிமன்றங்கள் பின்பற்றும் விதி.

அப்படியானால் தலைவரும் எட்டுத் தொகுதி உறுப்பினர்களும் சேர்ந்த அந்த ஒன்பது பேர் கையில் உண்மையில் இருப்பது என்ன? நிலம். எந்த இடத்தில் எதைக் கட்டலாம் என்று சொல்லும் ஜோனிங்.

2000-ல் இங்கே மக்கள்தொகை சுமார் 1,70,000. 2020 கணக்கெடுப்பில் 4,20,000-ஐத் தாண்டிவிட்டது. 2022 நவம்பரில் மெட்ரோ ரயிலும் ஆஷ்பர்ன் வரை வந்துவிட்டது. வீடு வந்தால் பிள்ளைகள் வருவார்கள், பள்ளி கட்ட வேண்டும், செலவு ஏறும். அதே நிலத்தில் டேட்டா சென்டர், அதாவது இணையத்துக்கான கம்ப்யூட்டர்கள் நிறைந்த கட்டடம், வந்தால் அதற்குப் பள்ளி வேண்டாம், பஸ் வேண்டாம்; வரி மட்டும் கொட்டும். நாம் மே மாதமும் அக்டோபரிலும் முணுமுணுத்துக்கொண்டே கட்டுகிறோமே கார் வரி, அதே இனத்து வரியைத்தான் அவர்கள் உள்ளே அடுக்கி வைத்திருக்கும் கம்ப்யூட்டர்களுக்குக் கட்டுகிறார்கள். 2012-ல் வீட்டு மதிப்பில் 100 டாலருக்கு 1.235 டாலராக இருந்த வரி, 2025-ல் 0.805-க்கு இறங்கியதில் அந்தப் பணத்துக்குப் பெரிய பங்கு. (வீட்டு மதிப்பு ஏறிவிட்டதால் நம் பில் அந்த அளவுக்கு இறங்கவில்லை என்பது வேறு கதை.)

சரி, பிறகென்ன குறை என்கிறீர்களா? வீடுகளை ஒட்டி ஜன்னலில்லாத பெரும் கட்டடங்கள், நாள் முழுக்க ஓயாத குளிரூட்டிச் சத்தம், மின்சாரத்துக்காகப் புதிது புதிதாக உயரழுத்தக் கம்பிகள். 2025 மார்ச்சில் போர்டு ஒரு முடிவெடுத்தது. அதுவரை சில பகுதிகளில் பொது விசாரணை இல்லாமலே டேட்டா சென்டர் கட்டிவிடலாம். இனி வரும் புது விண்ணப்பங்கள் போர்டின் முன் வந்தாக வேண்டும். தாமதம்தான், ஆனால் நல்ல முடிவு.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை, ஒரே தொழிலை நம்பி பட்ஜெட் போடுவது. கம்ப்யூட்டரின் வரி மதிப்பு வருஷா வருஷம் இறங்கும். கம்பெனிகள் புது மெஷின் வாங்கி வைத்துக்கொண்டே இருந்தால்தான் வசூல் நிற்கும். அவை கொஞ்சம் நிதானித்தால் ஆசிரியர் சம்பளத்தில் கை வைப்பார்களா, வீட்டு வரியை ஏற்றுவார்களா?

2027 நவம்பரில் ஒன்பது இடங்களுக்கும் தேர்தல். கதவைத் தட்டுகிற வேட்பாளரிடம் டிராஃபிக் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம். டேட்டா சென்டர் வரி குறைகிற வருஷத்தில் எந்தச் செலவை முதலில் வெட்டுவீர்கள் என்று கேளுங்கள். உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடக்கும் நிலத்தைக் காட்டி, இதில் என்ன வர விடுவீர்கள் என்றும் கேளுங்கள். நன்றி, வணக்கம்.