யார் எங்கே உட்கார்ந்து பார்க்கிறார்கள்?

நேயர்களுக்கு வணக்கம். மதுரையில் 28 வருடமாக டிவி பழுது பார்க்கும் தொழிலில் இருக்கிறேன். டிவி வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை இன்ச் வாங்கலாம்?" நான் திருப்பிக் கேட்பது, "வீட்டில் யார் எங்கே உட்கார்ந்து பார்ப்பீர்கள்?" இன்றைய பேச்சு முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

முதலில் இன்ச். கடையில் சொல்கிற 43, 55 எல்லாம் திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலை வரை குறுக்காக அளந்தது. அகலம் அதைவிடக் குறைவு. 43 இன்ச் டிவி மூன்றடிக்குச் சற்று மேல் அகலம். 55 என்றால் சரியாக நான்கடி. பழைய 29 இன்ச் டப்பா டிவியைக் கொடுத்துவிட்டு 32 இன்ச் தட்டை டிவி வாங்கியவர்கள், "என்னங்க, ஆளெல்லாம் சின்னதாகிவிட்டார்கள்" என்று என்னிடம் கேட்டதுண்டு. அவர்கள் சொன்னது நிஜம். பழைய திரை கிட்டத்தட்டச் சதுரம், புதியது நீளவாக்கு. இன்ச் கூடினாலும் உயரம் சற்றுக் குறைந்துவிட்டது.

அளவுக்கு நான் சொல்கிற கணக்கு எளிது. வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து டிவி வரப்போகும் சுவர் வரை டேப் பிடியுங்கள். அந்தத் தூரத்தை அங்குலமாக்கிப் பாதியாக்குங்கள். எட்டடி என்றால் 96 அங்குலம், பாதி 48. அப்படியானால் 43 அல்லது 50. பத்தடி என்றால் பாதி 60, அதற்கு 55 பொருந்தும். சினிமா மட்டுமே பார்ப்பவர்கள் இன்னும் ஒரு படி பெரிதாகப் போகலாம். கேபிளில் எச்டி இல்லாத சாதாரண சேனல் பார்க்கிற வீடு என்றால் ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் சாதாரண சேனல் படத்தில் சுமார் 4 லட்சம் புள்ளிகள்தான். 4கே திரையில் 83 லட்சம். ஒரு புள்ளியை இருபதாக இழுத்துக் காட்டும்போது முகம் மெழுகு போலத்தான் தெரியும். அதை டிவியின் குறை என்று நினைத்து என்னைக் கூப்பிடுகிறார்கள்.

கணக்குப் போட்ட பிறகு ஒரு வேலை செய்யுங்கள். பழைய செய்தித்தாளை ஒட்டி ஒட்டி அந்த அகலம், உயரத்துக்கு வெட்டிச் சுவரில் இரண்டு நாள் மாட்டி வையுங்கள். 55 இன்ச்சுக்கு நான்கடி அகலம், இரண்டேகால் அடி உயரம். சாயங்காலம் ஜன்னல் வெளிச்சம் அதில் எங்கே விழுகிறது, வாசல் கதவைத் திறந்தால் இடிக்கிறதா, எல்லாம் தெரிந்துவிடும்.

சரி, இப்போது ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இதைச் சொல்லாமல் நான் எங்கும் பேசியதில்லை. அந்த வீட்டில் புதிதாக 55 இன்ச் டிவி. வாங்கிய ஒரு மாதத்தில் நிறம் மங்குகிறது என்று புகார். சர்வீஸ் ஆட்கள் இரண்டு முறை வந்து, பழுது இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நிறம் மங்குகிறது என்று சொன்னது வீட்டுப் பாட்டி. கண்ணில் புரை அறுவை செய்தவர் என்பதால் கண்ணாஸ்பத்திரிக்கும் அழைத்துப் போயிருக்கிறார்கள். கண் நன்றாக இருக்கிறது என்று அங்கே சொல்லிவிட்டார்கள்.

நான் போனபோது டிவி ஓடிக்கொண்டிருந்தது. எதிரே நின்று பார்த்தேன், குறையே இல்லை. "பாட்டி, நீங்கள் எங்கே உட்கார்ந்து பார்ப்பீர்கள்?" என்று கேட்டேன். பக்கச் சுவரோரம் பாயைக் காட்டினார். முதுகைச் சுவரில் சாய்த்து, அருவாமனையில் கீரை நறுக்கிக்கொண்டே சீரியல் பார்ப்பது அவர் வழக்கம். நானும் அந்தப் பாயில் உட்கார்ந்தேன். திரையில் கதாநாயகியின் கருங்கூந்தல் சாம்பல் பூத்திருந்தது. பட்டுப்புடவையின் அரக்குச் சிவப்பு, பலமுறை துவைத்த துணி போல வெளுத்திருந்தது. "இப்பத் தெரியுதா தம்பி?" என்றார். தெரிந்தது. அதுவரை வந்தவர்கள் எல்லாரும் நின்றே பார்த்திருக்கிறார்கள், ஒருவரும் உட்காரவில்லை.

குழந்தை கை வைக்கும் என்று டிவியை ஷோகேசுக்கு மேலே, கீழ்விளிம்பே ஐந்தடி உயரத்தில் மாட்டியிருந்தார்கள். பாட்டி பார்த்தது பக்கவாட்டிலிருந்து, அதுவும் கீழேயிருந்து. அந்தத் திரை விஏ பேனல் வகை. நேரே பார்த்தால் கருப்பு நல்ல கருப்பாக இருக்கும், சாய்வாகப் பார்த்தால் வெளுக்கும். ஐபிஎஸ் என்று இன்னொரு வகை உண்டு. அதில் கருப்பு அத்தனை ஆழமில்லை, ஆனால் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறாது. நம் வீடுகளில் ஒருவர் சோபாவில், ஒருவர் பாயில், ஒருவர் சமையலறை வாசலில் நின்றபடி பார்ப்பார்கள். ஆகவே கடையில் டிவியை நேரே பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். பக்கவாட்டில் போய்ப் பாருங்கள், குனிந்தும் பாருங்கள். அந்த வீட்டில் ஷோகேசை நகர்த்தி, டிவியை இரண்டரை அடி இறக்கி, பாட்டியின் பாயை எதிரே போட்டோம். அவ்வளவுதான் ரிப்பேர்.

உயரத்துக்கும் ஒரு கணக்குச் சொல்கிறேன். திரையின் நடுப்பகுதி உங்கள் கண்ணுக்கு நேராக இருக்க வேண்டும். சோபாவில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து சுமார் மூன்றரை அடி. பாயில் என்றால் இரண்டரை அடி. இரண்டும் உள்ள வீட்டில் நடுவாக வையுங்கள்.

அப்புறம் வகை. எல்இடி டிவி என்று விற்பதெல்லாம் எல்சிடி திரைதான், பின்னாலிருந்து எல்இடி விளக்கு அடிக்கிறது. க்யூஎல்இடியும் அதே குடும்பம், நிறத்தைக் கூட்ட உள்ளே ஒரு மெல்லிய படலம் சேர்த்திருக்கிறார்கள். ஓஎல்இடி வேறு. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும். இருட்டறையில் அதற்கு இணையில்லை, பக்கவாட்டிலிருந்தும் நன்றாகத் தெரியும். ஆனால் காலையிலிருந்து இரவு வரை ஒரே செய்திச் சேனல் ஓடுகிற வீட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். மூலையில் நிற்கும் சேனல் சின்னமும் கீழே ஓடும் செய்திப் பட்டையும் நாளடைவில் திரையில் தடமாகப் பதியக்கூடும். பகல் வெளிச்சம் கொட்டும் ஹாலுக்கு வெளிச்சம் அதிகமான எல்இடியே போதும்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். ஒலியைப் பற்றித் தனியாகப் பேச வைத்திருந்தேன், ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். தட்டை டிவிகளில் ஸ்பீக்கர் பெரும்பாலும் கீழே பார்த்தோ பின்னால் பார்த்தோ இருக்கும். அலமாரிப் பொந்துக்குள் இறுக்கி வைத்தால் பேச்சு தெளிவாகக் கேட்காது. சுற்றிலும் ஒரு கையளவு இடம் விடுங்கள். இன்னொன்று, டிவியை முதலில் போடும்போது கடையா வீடா என்று கேட்கும். வீடு என்பதை அழுத்துங்கள், இல்லாவிட்டால் கடையில் பார்த்த அதே கூசும் வெளிச்சம் வீட்டிலும் இருக்கும். நன்றி, வணக்கம்.