மாறனா, மாரனா? ஊருக்கு ஊர் மாறும் ஒலியும் ஆட்பெயர்களும்

அவையினருக்கு வணக்கம்.

ஒலிபெருக்கியில் பெயர் வாசிப்பவர்கள், வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பவர்கள், தொலைபேசியில் பெயர் கேட்டு எழுதுபவர்கள் என்று மூன்று தரப்பினரும் இங்கே வந்திருக்கிறீர்கள். மூவருக்கும் தொல்லை ஒன்றுதான். எதிரே இருப்பவர் "மாறன்" என்கிறார். வல்லின றகரமா, இடையின ரகரமா? பாண்டியர்கள் சூடிய பெயர் மாறன். மன்மதனுக்குப் பெயர் மாரன். இரண்டுமே நல்ல பெயர்கள்தான், ஆனால் ஒன்றுக்கு மற்றொன்று பதிலாகாது.

சாதாரணச் சொல்லாக இருந்தால் வாக்கியம் கைகொடுக்கும். "மரத்தில் பரவை உட்கார்ந்திருக்கிறது" என்று யாராவது சொன்னாலும், மதுரைக்குப் பக்கத்தில் இருக்கும் பரவை என்ற ஊர் மரத்தில் ஏறிவிட்டதாக ஒருவரும் நினைக்கப்போவதில்லை. ஆட்பெயருக்கு அப்படி அக்கம்பக்கத்துத் துணை கிடையாது. அது தனியாக வந்து நிற்கும். அதனால்தான் வட்டார உச்சரிப்பின் சிக்கல் முதலில் பெயரில் வந்து இடிக்கிறது.

ழகரத்திலிருந்து தொடங்குகிறேன். அதைச் சரியாகச் சொல்லாதவர்களை நாக்கு வளையாதவர்கள் என்று திட்டுவது நம்மிடம் வழக்கமாகிவிட்டது. அந்தத் திட்டு நியாயமில்லாதது. ழகரம் போன இடத்தில் எல்லாம் அது ஒரு ஒழுங்கோடுதான் போயிருக்கிறது. மதுரையிலும் தெற்கத்திப் பேச்சு பலவற்றிலும் அது ளகரமாகும்: பளம், மளை, கோளி. யாழ்ப்பாணப் பேச்சிலும் பளம்தான். சென்னையிலும் வடமாவட்டங்களிலும் அது யகரமாகும்: வாயப்பயம், கோயி. 'இழுத்து' என்பது சென்னையில் 'இஸ்து' ஆகும். குமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கம் போனால் படிக்காதவர் வாயிலும் ழகரம் பிசகாமல் வரும். ஆகவே 'கயல்விழி' என்ற பெயர் ஓரிடத்தில் 'கயல்விளி', இன்னோரிடத்தில் 'கயல்வியி'. சொன்னவர் தம் ஊர் விதிப்படி சரியாகவே சொல்லியிருக்கிறார். கேட்டு எழுதுகிற நமக்குத்தான் அந்த விதி தெரிந்திருக்க வேண்டும்.

ழகரம் வாயில் எப்படிப் பிறக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். தொல்காப்பியத்தின் பிறப்பியல் ழகரத்தை லகர ளகரங்களோடு சேர்க்கவில்லை. ரகரத்தோடு சேர்த்து, நுனிநாக்கு மேலே வளைந்து அண்ணத்தை வருடும்போது இரண்டும் பிறக்கும் என்கிறது. சோழமண்டலக் கரை ஐரோப்பியர் வாயில் 'கோரமண்டல்' ஆனதை இதோடு வைத்துப் பாருங்கள். அவர்கள் காதிலும் அந்த ழகரம் ரகரமாகத்தான் விழுந்திருக்கிறது.

இப்போது நீங்களே செய்து பாருங்கள். 'பள்ளம்' என்று சொல்லத் தொடங்கி, 'ள்' வந்ததும் நிறுத்தி நீட்டுங்கள். நாக்கின் நுனி மேலண்ணத்தில் ஒட்டியிருக்கிறது, காற்று நாக்கின் இரு பக்கமும் வழிந்து போகிறது. வளைவைக் கலைக்காமல் நுனியை மட்டும் ஒரு மயிரிழை கீழே இறக்குங்கள். ஒட்டு விடும், காற்று நடுவழியே போகும். அதுதான் ழகரம். சந்தேகம் இருந்தால் நாக்கை அதே நிலையில் வைத்துக்கொண்டு, குரல் இல்லாமல் மூச்சை உள்ளே இழுங்கள். ளகர நிலையில் நாக்கின் ஓரங்கள் குளிரும், ழகர நிலையில் நடுப்பகுதி குளிரும். கண்ணாடியைவிட இந்தக் குளிர்ச்சி நம்பகமான சோதனை.

பிசகு இரண்டு விதமாக வரும். நுனி மேலே முட்டிவிட்டால் ளகரம். நுனியைத் தூக்காமல் நாக்கின் நடுமுதுகை மட்டும் உயர்த்தினால் யகரம். எந்தப் பிசகு என்று தெரிந்தால் திருத்தமும் தெரிந்துவிடும். முதலாமவருக்கு "இறக்குங்கள்" என்றும் இரண்டாமவருக்கு "வளையுங்கள்" என்றும் சொல்ல வேண்டும். எல்லாரிடமும் "நாக்கை நன்றாக மடியுங்கள்" என்று சொல்வதால்தான், பயிற்சிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ளகரத்தை இன்னும் அழுத்தமாகச் சொல்லப் பழகிப் போகிறார்கள்.

இன்னொரு விபத்தும் உண்டு. தம் பேச்சில் ழகரம் இல்லை என்று அறிந்து வெட்கப்படுகிறவர், மேடை ஏறியதும் ளகரத்தையெல்லாம் ழகரமாக்கிவிடுவார். 'அவர்கழ்', 'வெழ்ழம்', 'கோழாறு' என்று வரும். இதற்கு ஒரு கைவிளக்கு இருக்கிறது: தமிழில் ழகரமும் ரகரமும் இரட்டிக்கவே இரட்டிக்காது. எனவே வள்ளி, வெள்ளையன், புள்ளி, பள்ளி என்று இரட்டித்து வரும் இடத்தில் ழகரத்துக்கு வேலையே இல்லை. அங்கே வள்ளியா வல்லியா என்று மட்டும் பார்த்தால் போதும்.

இரட்டிக்காத இடத்தில் என்ன செய்வது? வினைச்சொல்லாக இருந்தால் அதை இறந்தகாலத்துக்குக் கொண்டுபோங்கள். ளகரம் டகரமாகவோ ண்டவாகவோ திரியும்: கேள் கேட்டான், ஆள் ஆண்டான், மாள் மாண்டான். லகரம் றகரத்தின் பக்கம் சாயும்: கல் கற்றான், செல் சென்றான், வெல் வென்றான். ழகரம் தன் உருவத்தை விடாது: வாழ் வாழ்ந்தான், வீழ் வீழ்ந்தான், தாழ் தாழ்ந்தான். பெயர்ச்சொல்லிலும் இதே கதைதான்: முள் முட்கள், கல் கற்கள். ஒருவர் வாயில் ழகரமும் ளகரமும் ஒன்றாகிப் போயிருக்கலாம். ஆனால் அவர் 'ஆண்டான்' என்று சொல்வதை 'ஆழ்ந்தான்' என்பதோடு ஒருநாளும் குழப்பமாட்டார். ஒலி கரைந்த பிறகும் இலக்கணம் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறது. தமிழில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் இது ஒன்று.

இதிலிருந்து மூன்று னகரங்களுக்கு வருகிறேன். பள்ளியில் 'மூன்று சுழி ண', 'இரண்டு சுழி ன' என்று சொல்லிக் கொடுக்கிறோம். எழுதுவதற்கு அது போதும், உச்சரிப்புக்கு உதவாது. பழைய ஆசிரியர்கள் டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்று சொன்னார்கள். அந்தப் பெயருக்குள்ளேயே செய்முறை இருக்கிறது. ண, ட இரண்டுக்கும் நாக்கு போகும் இடம் ஒன்று. 'வண்டி' என்று மெதுவாகச் சொல்லுங்கள், 'ண்' சொன்ன இடத்திலிருந்து நாக்கு நகராமலே 'டி' வந்துவிடும். ன, ற இரண்டும் அதேபோல ஒரே இடம். ந, த ஒரே இடம். வாணி என்று சொல்ல வராதவருக்கு முதலில் 'வாண்டு' சொல்லச் சொல்லி, பிறகு 'டு'வை எடுத்துவிட்டு 'இ'யைச் சேர்க்கச் சொன்னால் நாக்கு தானாக அங்கே போய் நிற்கும்.

ன்ற என்ற சேர்க்கை வட்டாரத்துக்கு வட்டாரம் உடைகிற விதம் தனி அழகு. தமிழ்நாட்டுப் பேச்சில் ஒன்று ஒண்ணு, மூன்று மூணு. யாழ்ப்பாணத்தில் ஒண்டு, மூண்டு. விளைவைப் பாருங்கள்: இங்கே பசுவின் கன்று 'கண்ணுக்குட்டி' ஆகி, முகத்தில் இருக்கும் கண்ணோடு மோதுகிறது. அங்கே வாழைக்கன்று 'வாழைக்கண்டு' ஆகி, பார்த்ததைச் சொல்லும் 'கண்டு' என்பதோடு மோதுகிறது. எழுத்தில் ஒன்றாக இருக்கும் சொல், இரண்டு கரைகளில் இரண்டு வேறு சொற்களோடு கலக்கிறது.

ற்ற என்பதும் அப்படியே. தமிழ்நாட்டில் காற்று 'காத்து' ஆகிவிட்டது. யாழ்ப்பாணத்துக் காற்றில் ற்ற இன்னும் பல்லுக்கு மேலே ஈறில் தட்டி, ஆங்கிலேயர் தங்கள் 'டி' எழுத்தைச் சொல்லும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒலிக்கிறது. அதனால்தான் இலங்கைத் தமிழர்கள் ரொறன்ரோ, ரீச்சர், ரிக்கற் என்று எழுதுகிறார்கள். நாம் டொராண்டோ, டீச்சர், டிக்கெட் என்று எழுதுகிறோம். இரு பக்கமும் ஒருவரை ஒருவர் பார்த்துப் 'பிழை' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஆங்கில ஒலி நமது டகரத்துக்கும் தகரத்துக்கும் நடுவே விழுகிறது. அவர்கள் இடத்தின் அருகாமையைப் பார்த்து ரகர றகரங்களை எடுத்தார்கள், நாம் வெடித்து வரும் தன்மையைப் பார்த்து டகரத்தை எடுத்தோம். டாக்டர், டொக்டர் என்ற உயிரெழுத்து வேறுபாடும் இந்த வகைதான்.

ரகர றகரத்தைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. தனியாக வரும்போது தமிழ்நாட்டில் பெரும்பாலான பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிட்டன, குமரிப் பேச்சில் இன்னும் பிரிந்தே கேட்கும். நாக்கு ஒருமுறை தட்டினால் ரகரம், பலமுறை அதிர்ந்தால் றகரம்.

உயிரெழுத்தில் ஒன்றே ஒன்று. அடுத்து அகரமோ ஐகாரமோ வந்தால் இகரம் எகரமாகவும், உகரம் ஒகரமாகவும் பேச்சில் இறங்கும்: இலை எலை, உடம்பு ஒடம்பு, குமரன் கொமரன். முருகனில் அடுத்து உகரம் வருவதால் அது அசையாது. இதனால் குடையும் கொடையும் ஒன்றாகிவிடுகின்றன. கோயில் திருவிழாவையே கொடை என்று சொல்லும் நெல்லைப் பக்கத்தில் இது அன்றாடச் சங்கதி.

பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது உச்சரிப்பு வேறுபாடு ஆவணத்தில் ஏறிவிடுகிறது. ழகரத்துக்குத் தமிழ்நாட்டில் 'இசட் எச்' போடுகிறோம், இலங்கையில் 'எல்' போடுவார்கள். யாழினி என்ற ஒரே பெயர் இரண்டு கடவுச்சீட்டுகளில் இரண்டு பெயராக நிற்கும். 'இசட் எச்' என்பதைப் பார்க்கும் வெளியூர்க்காரர் கோழிக்கோட்டைக் 'கோஜிக்கோடு' என்று படிக்கிறார். 'எல்' பார்க்கிறவர் யாலினி என்கிறார். 2020-இல் தமிழ்நாடு அரசு 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணையிட்டு, எதிர்ப்பு வந்ததும் சில நாள்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. ஒலியை ஒரே எழுத்துமுறையில் எல்லாருக்கும் பொருந்தப் பிடிப்பது அவ்வளவு கடினம்.

கடைசியாக, தொலைபேசிக்காரர்களுக்கு. "மழைக்கு வரும் ழ" என்று சொல்லிப் பழகியிருக்கிறோம், அது மலையாகவும் கேட்கும். "பள்ளிக்கு வரும் ள" என்பது பல்லியாகும். அடையாளச் சொல், எந்த ஊர் வாயில் சிதைந்தாலும் வேறு சொல்லாக மாறாததாக இருக்க வேண்டும். ழகரத்துக்குத் தமிழ், ளகரத்துக்கு வெள்ளை, லகரத்துக்கு நல்ல, றகரத்துக்குக் காற்று, ரகரத்துக்கு ஊர், ணகரத்துக்கு வண்டி, னகரத்துக்கு மீன், நகரத்துக்குப் பந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே இருப்பவர் "தமிளுக்கு வர்ற ள" என்று சொன்னாலும் அவர் எந்த எழுத்தைச் சொல்கிறார் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். செல்வம், செல்வன் போன்ற பெயர்களில் கடைசி மெய் மூக்கொலியாகக் கரைந்து இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். அப்போது "ம்-ஆ, ன்-ஆ" என்று கேட்காதீர்கள், அதுவும் கரைந்துதான் வரும். "செல்வத்தைக் கூப்பிடவா, செல்வனைக் கூப்பிடவா?" என்று கேளுங்கள்.