கண் திறக்காத அப்பாவிடம் சிஸ்டர் ஏன் பேசுகிறார்?

வணக்கம். கடலூர் முதுநகரிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு ஸ்ட்ரோக், புதுச்சேரியில் சேர்த்திருக்கிறார்கள். இன்னும் கண் திறக்கவில்லை. ஆனாலும் ராத்திரி டியூட்டி சிஸ்டர் ஒவ்வொரு முறையும், "அப்பா, உங்களை அந்தப் பக்கம் திருப்பப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுகிறாராம். "அவருக்குக் காது கேட்குமா? வீட்டுக்குக் கூட்டிப் போனால் நாங்கள் எப்படிப் பார்ப்பது?" என்பது கேள்வி.

கேட்கலாம் அம்மா. கண் திறக்காதவர்கள் சிலருக்குக் காது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்து பார்த்தும் இதைக் கண்டிருக்கிறார்கள். யாருக்குக் கேட்கும், யாருக்குக் கேட்காது என்று கட்டிலருகே நின்று நம்மால் சொல்ல முடியாது. அதனால் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும். சொல்லாமல் புரட்டினால், உள்ளே நினைவு இருப்பவருக்கு அது எவ்வளவு பயமாக இருக்கும்! நாளைக்கு அப்பா கண் திறந்து, பேச்சு மட்டும் வராமல் இருந்தாலும் இதேதான். பேச்சு வரவில்லை என்பதால் புரியவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். ஆஸ்பத்திரிச் செலவு, கடன், நிலம் பற்றிய பேச்சையெல்லாம் வராண்டாவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த சிஸ்டரின் அன்பு பேச்சில் மட்டும் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கிறாரே, அதிலும்தான் இருக்கிறது. ஒரே பக்கம் படுத்திருந்தால் எலும்பு அழுத்தும் இடத்தில் ரத்த ஓட்டம் நின்று படுக்கைப் புண் வரும். முதுகின் அடிப்பகுதி, இடுப்பு எலும்பு, குதிகால், இந்த மூன்று இடங்களைத் தினமும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்துபோகும் என்று சொல்வார்கள், ஆனால் நம் நிறத்துக்குச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. கொஞ்சம் கருத்திருக்கும், தொட்டால் சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். அந்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்க்கவே கூடாது, அடியில் இருக்கும் திசு இன்னும் கெடும். அழுத்தம் படாமல் திருப்பி வைத்தால் போதும். குதிகாலில் புண் வராமலிருக்க, கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாதபடி விடுங்கள்.

நம் கடலோர வேர்வைக்கு ரெக்சின் விரிப்பு நேரடியாக முதுகில் படக் கூடாது. மேலே பருத்தித் துணி போடுங்கள், நனைந்தால் உடனே மாற்றுங்கள்.

தூக்கும்போது ஸ்ட்ரோக்கால் அசைக்க வராத கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அந்தத் தோள் தளர்ந்திருக்கும், இழுத்தால் மூட்டு நழுவிவிடும். தோள்பட்டைக்குப் பின்னாலும் இடுப்பிலும் கை கொடுத்துத் திருப்ப வேண்டும். மூக்கு டியூப் வழியாகக் கஞ்சி கொடுக்கும்போது தலைப்பக்கம் உயர்ந்திருக்கட்டும். கொடுத்து முடித்த பிறகும் குறைந்தது அரை மணி நேரம் அப்படியே வைத்திருங்கள், இல்லாவிட்டால் உணவு நுரையீரலுக்குப் போய்விடும். அப்புறம் யூரின் பேக் எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும்.

டிஸ்சார்ஜ் அன்று அவசரத்தில் கேட்காதீர்கள். இன்றைக்கே சிஸ்டர் திருப்பும்போது பக்கத்தில் நின்று, "அடுத்த முறை நான் செய்கிறேன், பாருங்கள் சிஸ்டர்" என்று சொல்லுங்கள். கை பட்டால்தான் வரும். வார்டு நெருக்கடியில் ஒரு சிஸ்டர் எத்தனை படுக்கையைப் பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் இதைக் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

ஊருக்கு வந்ததும் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தமிழ்நாட்டில் 2021 முதல் நடக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டிலேயே நோய்த் தணிப்புப் பராமரிப்பும் பிசியோதெரபியும் உண்டு. அப்பா பெயரைப் பதியச் சொல்லுங்கள். தோல் உரிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ வீட்டு வைத்தியம் பார்த்து நாள் கடத்தாமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.