சாப்பாடா, பாசமா? பாசமே!

நடுவர் அவர்களே, கோயில் கொடைக்கு வந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, வணக்கம்.

ஆயுசுக்கும் உடம்பைக் காப்பது சத்தான சாப்பாடா, சின்ன வயதில் கிடைத்த பாசமா என்பது கேள்வி. சாப்பாட்டுக்குப் பேசிய எதிரணி அண்ணாச்சி போகிற போக்கில் ஒரு குத்து விட்டார்: "அம்மா மடியில் படுத்தால் பிரஷர் வராது என்றால், மெடிக்கல் ஸ்டோரில் மடியை விற்பார்களே!" நீங்களும் கைதட்டினீர்கள்.

அண்ணாச்சி, கடையில் கிடைக்காது என்பதுதானே எங்கள் கட்சி! டாக்டர் சொன்னால் ஐம்பது வயதிலும் கேப்பைக்கு மாறலாம். ஒரு வயதில் கிடைக்காத மடியை எங்கே போய் வாங்குவீர்கள்?

முக்கூடல் பக்கம் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுவார்கள். என் அம்மாவும்தான். மடியில் சுளகு, சுளகில் இலையும் தூளும். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. தொட்டிலில் தம்பி வீரிட்டு அழுவான். அம்மா சுளகை இறக்கி வைப்பாள். தூள் வாசம் பிள்ளைக்கு ஆகாதென்று கையைக் கழுவுவாள். அப்புறம் தூக்கி மடியில் போட்டுக்கொள்வாள். சுளகு இறங்கினால்தானே மடி காலியாகும்! மடி காலியானால் அன்றைக்குக் கூலி போச்சு, பீடிக் கடையில் ஏச்சு. தெரிந்தேதான் இறக்கினாள். தாய்மார்களே, நீங்கள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை இறக்கியிருப்பீர்கள்? பத்தா, இருபதா?

அந்தச் சுளகு தரையைத் தொடும்போது பிள்ளை உடம்புக்குள் என்ன நடக்கிறது? பயத்தில் அழும்போது நெஞ்சு படபடக்கும், கார்டிசால் என்ற சுரப்பு ஏறும். தூக்கி அணைத்தால் இறங்கும். அணைக்க யாருமே இல்லாமல் வளர்ந்தால், உடம்பு எப்போதும் பதற்றத்திலேயே கிடந்து, வருஷக்கணக்கில் ரத்தக்குழாயை அரிக்கும். அணைப்பது பெற்றவளாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, ஆச்சியோ அப்பாவோ யாராக இருந்தாலும் சரி.

அமெரிக்காவில் ஹார்வர்டு மாணவர்களிடம் 1950களில், அம்மாவோடு எவ்வளவு ஒட்டுதல் என்று கேட்டுவைத்தார்கள். 35 வருஷம் கழித்துப் பார்த்தால், ஒட்டுதல் இல்லை என்றவர்களில் 100க்கு 91 பேருக்கு இதய நோய், ரத்தக்கொதிப்பு, குடல்புண் என்று ஏதாவது ஒன்று. ஒட்டுதல் உண்டு என்றவர்களில் 45 பேருக்குத்தான். அண்ணாச்சி, எல்லாரும் ஒரே காலேஜில் படித்த பிள்ளைகள்!

கண் மங்கியதால் அம்மா இப்போது பீடி சுற்றுவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். லாரி ஓட்டுகிறான், நாற்பது வயது. திண்ணையில் அம்மா பக்கத்தில் வந்து, "எம்மா" என்று தலையைச் சாய்த்தான். அவள் சட்டென்று இரண்டு கையாலும் மடியிலிருந்து எதையோ தூக்கிக் கீழே வைத்தாள். மடியில் ஒன்றுமே இல்லை, நடுவர் அவர்களே. சுளகை எடுத்துத்தான் அந்தக் கைக்குப் பழக்கம்.

மணி அடித்துவிட்டீர்கள். வணக்கம்.