பேனா யார் கையில் இருந்தது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மேடையில இருக்கிற மத்தவங்களுக்கும் இதுலயே சேர்த்து வணக்கம், மணி அடிச்சுடுவாங்க.

பெண்ணைப் பார்க்கிற பார்வை மாறிடுச்சுன்னு எதிரணி நண்பர் சட்டமா அடுக்கினார். சட்டம் மாறுச்சு, மறுக்கலை. 1929-ல செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல சொத்துல சம உரிமைன்னு தீர்மானம். தமிழ்நாட்டுல அது அமலுக்கு வந்தது 1989 மார்ச் 25-லேருந்து. அதுலயும் அந்தத் தேதிக்கு முன்னாடி கல்யாணமானவளுக்குப் பூர்வீகச் சொத்துல பங்கு கிடையாது. மாசியில தாலி ஏறுன அக்காவுக்கு இல்ல, வைகாசியில ஏறுன தங்கச்சிக்கு உண்டு. முகூர்த்தம் பார்த்துக் குடுத்த உரிமைங்க! இந்து வாரிசுரிமைச் சட்டத்துல 2005 திருத்தம் வந்துதான் அக்காவும் உள்ள வந்தா. அந்தத் திருத்தம் வந்தப்போ அப்பா உயிரோட இருந்திருக்கணுமாங்கிற சண்டையை 2020-ல உச்ச நீதிமன்றம் முடிச்சு வெச்சுது: தேவையில்ல, பிறப்பாலேயே பங்கு.

அதோட விட்டிருப்பேன். நண்பர் போற போக்குல ஒண்ணு சொன்னாரு: "என் பங்கு எனக்கு வேணாம்னு விடுதலைப் பத்திரத்துல எழுதிக் குடுக்கிறது யாரு? பேனா பொம்பளைங்க கையிலதானே இருந்துச்சு?" நீங்களும் கை தட்டுனீங்க. அந்தப் பேனா அந்தக் கைக்கு எப்படி வந்துச்சுன்னு பார்த்துடுவோமா?

அப்பா காரியம் முடிஞ்சுது. தீபாவளிக்குக்கூட போன் பண்ணாத அண்ணன் கூப்பிடறான். "தங்கச்சி, ஆதாரை எடுத்துட்டு வந்துடும்மா." "எதுக்குண்ணே?" "சும்மா ஒரு கையெழுத்து."

சும்மாவாம்! வாரிசுச் சான்றிதழ் வாங்கியாச்சு. வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சு. பத்திர எழுத்தர் டைப் அடிச்சு வெச்சாச்சு. குடும்பத்துக்குள்ளங்கிறதால முத்திரைத் தீர்வை சலுகை, 1 சதவீதம், அதுக்கும் ஒரு உச்சவரம்பு, அதையும் கட்டியாச்சு. சாட்சி ரெண்டு பேர், ரெண்டு பேரும் அண்ணனோட மச்சானுங்க. ஊருக்கே தெரியும், தங்கச்சிக்கு மட்டும் தெரியாது.

சார்பதிவாளர் கேட்கிறாரு: "படிச்சுப் பார்த்தீங்களாம்மா? சம்மதந்தானா?"

அண்ணன் சொல்றான்: "படிச்சுட்டா சார்."

"நான் அவங்களைக் கேட்டேன்."

"அவங்களும் அதைத்தான் சார் சொல்றாங்க!"

அவ வாயே திறக்கலைங்க! போட்டோ எடுத்தாச்சு, கைரேகை வெச்சாச்சு. வீட்டுக்கு மட்டும்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தான். சொத்து விவரத்தைத் திருப்பிப் பார்த்திருந்தா, வீட்டுக்குக் கீழே இன்னும் மூணு சர்வே நம்பர், அத்தனையும் நிலம். அந்தப் பக்கத்துலயும் அவ கையெழுத்து இருக்கு. பங்குக்கு ஈடா ரொக்கம் வாங்கிக்கிட்டதா ஒரு வரியும் இருக்கு. அவ கண்ணுல பட்டது பஸ் டிக்கெட் காசுதான்.

அண்ணன் நிலத்தை விற்கப் போறப்பதான் விஷயம் வெளியே வருது. ஏமாத்தி வாங்குன பத்திரத்தை ரத்து செய்ய, விஷயம் தெரிஞ்ச நாள்லேருந்து 3 வருஷத்துக்குள்ள வழக்குப் போடலாம். வக்கீலும் சொல்றாரு, கட்டுனவனும் சொல்றான். அவ போக மாட்டேங்கிறா.

ஏன் தெரியுமா, நண்பரே? அம்மாவும் இல்ல, அப்பாவும் இல்ல. பொறந்த வீடுன்னு சொல்லிக்க மிச்சம் இருக்கிறது அந்த ஒரு அண்ணன். நாளைக்கு அவ பொண்ணு சடங்குக்கு மாமன் சீர் தூக்கிட்டு வர ஆள் வேணும். வெறுங்கையோட சபையில நிக்கிறதை நினைச்சாலே அவளுக்கு வயிறு கலங்குது. மூணு சர்வே நம்பரை விட அந்தத் தட்டுதான் அவளுக்குப் பெருசாப் படுது. அந்தத் தட்டுக்கு அவன்கிட்ட யாராவது கையெழுத்துக் கேட்டாங்களா?

மணி அடிச்சுட்டீங்க, நடுவர் அவர்களே. வணக்கம்.